முப்பத்து நான்கு

அக்டோபரில் முப்பத்தொரு மில்லிமீட்டர்.
மார்ச்சில் முப்பத்து நான்கு.
டாக்டர் கல்வானே திரையைப் பார்த்தபடி சொன்னார்:
"எதிர்பார்த்த பதில் கிடைக்கவில்லை."

யார் பதில் தரவில்லை என்று கேட்டேன்.
கட்டி, என்றார்.
கொஞ்சம் யோசித்துவிட்டு,
மருந்து, என்றார்.
நான் இல்லை என்று
ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லியிருக்கலாம்.
வாய் வரவில்லை.

எட்டு முறை ஏற்றினார்கள்.
தலைமுடி, புருவம்,
மூக்குக்குள் இருக்கும் முடியும்கூட
(அது போய்விட்டால் மூக்கு ஒழுகிக்கொண்டே இருக்கும்,
முன்கூட்டி யாரும் சொல்வதில்லை),
ரொட்டியின் ருசி, ஒரு முழுக் குளிர்காலம்.
அத்தனையும் கொடுத்து
மூன்று மில்லிமீட்டர் வாங்கி வந்திருக்கிறேன்.
ரீகா சந்தையில் இப்படி ஒரு பேரம் நடந்திருந்தால்
என் அக்கா வெல்கா
அந்தக் கடைக்காரனைச் சும்மா விட்டிருக்க மாட்டாள்.

வாசலில் டிராம் வந்தது.
ஓட்டுவது அவுஸ்மா.
பத்தொன்பது வருஷம் நானும் இதே தடத்தில்.
என் முகத்தைப் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை.
விதி மீறி
தன் கதவுக்குப் பக்கத்தில் நிற்க விட்டாள்.

ஆலங்கட்டியும் மழையும் கலந்து பெய்தது.
தௌகவாப் பாலத்து ஏற்றத்தில் சக்கரம் வழுக்கியது.
டிராமில் ஒடித்துத் திருப்ப எதுவுமில்லை,
தண்டவாளம் போகும் இடத்துக்குத்தான் போகலாம்.
அவுஸ்மா மிதியை அழுத்தினாள்.
இருக்கைக்கு அடியில் உள்ள பெட்டியிலிருந்து
சக்கரத்துக்கு முன்னால் கொஞ்சம் மணல் விழுந்தது.
டிப்போவில் அடுப்பு மூட்டி உலர்த்திய மணல்.
ஈரமாக இருந்தால் பிடிக்காது.
இரண்டு முறை சுழன்றது,
பிறகு ஏறியது.
பின்னால் யாரோ போனில் உருளைக்கிழங்கு விலை பேசிக்கொண்டே வந்தார்.

வீட்டில் ரெனார்ஸ்.
பதினாறு வயது, என்னைவிட ஒரு சாண் உயரம்.
"அப்போ இதெல்லாம் வீணாம்மா?"
புத்தகத்தில் வரும் அம்மா என்றால்
நல்லதாக ஏதாவது சொல்லியிருப்பாள்.
"வீண்தான் போலிருக்கு.
சூப்பைச் சூடாக்கவா?"
சிரித்தான். சிரிப்பு பாதியில் வேறாக மாறியது.
அவன் தோளில் என் மொட்டைத் தலையைச் சாய்த்தேன்.
அடுப்பில் சூப் பொங்கி வழிந்தது.
இருவரும் நகரவில்லை.

இரவில் எழுந்து உட்கார்ந்தேன்.
பரீட்சையில் தோற்றவள்போல் ஒரு வெட்கம்.
யாரிடம் வெட்கம் என்றுதான் தெரியவில்லை.
வாழ்த்து அட்டையில் "போராளி" என்று எழுதிய
டிப்போக்காரர்களிடமா?

முதலில் அதைக் கண்டுபிடித்தது இந்த விரல்.
செப்டம்பரில், குளிக்கும்போது,
சோப்புக்கு அடியில் ஒரு பட்டாணி வழிமறித்தது.
இப்போது அதே விரலை அங்கே வைத்தேன்.
ஒன்றும் தெரியவில்லை.
கட்டி இருக்கிறது.
விரல் மரத்துவிட்டது.
என் ஒரே காவல்காரனை
மருந்து தூங்கவைத்துவிட்டுப் போயிருக்கிறது.
அதற்காகத்தான் அழுதேன்.
மில்லிமீட்டருக்காக இல்லை.

அறுவையை முன்னால் கொண்டுவருகிறார்களாம்.
செவ்வாய்க்கிழமை.
அதன் பிறகு வேறு மருந்து, மாத்திரையாக.
அது பதில் சொல்லுமா என்று நான் கேட்கவில்லை,
டாக்டரும் சொல்லவில்லை.
அந்த மௌனத்துக்காக அவரைக் கொஞ்சம் பிடித்துப்போனது.

விடிந்ததும் வெல்கா வந்துவிட்டாள்.
ஐந்து லிட்டர் கேன் நிறைய பிர்ச் மரத்துப் பதநீர்,
நேற்றுத்தான் மரத்தில் துளையிட்டு இறக்கியது.
உடம்பைச் சுத்தம் பண்ணும் என்றாள்.
பண்ணாது என்றேன்.
தெரியும், குடி, என்றாள்.

ருசி இல்லை.
கிளாஸ் கையில் இருக்கிறதா என்பதைக்கூடக்
குனிந்து பார்த்துத்தான் உறுதிசெய்தேன்.
இருந்தது.
தொண்டைக்குள் இறங்கும்போது மட்டும்
குளிர்ந்தது,
நெஞ்சுக்கூட்டின் பாதிவரை,
அதற்குக் கீழேயும்.

இன்னொன்று ஊற்று, என்றேன்.