முகப்பு மட்டும்

பால்டிமோர். நவம்பர் காலை.
பதினான்கு வீடுகள், பதின்மூன்று நடுச்சுவர்கள்.
கட்டியவன் சிக்கனக்காரன்,
இரண்டு வீட்டுக்கு ஒரு சுவர் போதும் என்று கணக்குப் போட்டவன்.
தெருப்பக்கம் நன்றாக வெந்த செங்கல்,
நூல் பிடித்தாற்போல் மெல்லிய சாந்துக் கோடு.
பின்பக்கம் அரைவேக்காட்டுக் கல்;
நகத்தால் கீறினால் மாவாய் உதிரும்.
எங்கள் சட்டமும் அவனுக்கு உறவுதான் போல.
தெருவிலிருந்து தெரிவதை மட்டும் காக்கிறது.

நான் வந்தது பதினேழாம் எண்ணின் ஜன்னலுக்காக.
மரச்சட்டத்தைக் கழற்றிவிட்டு
பிளாஸ்டிக் மாட்டியிருக்கிறார் ஒடெஸா டில்மன்.
வாசலில் மூன்று பளிங்குப் படிகள்.
நடுப்படியின் குழிவில்
ஒரு கரண்டி மழைநீர்.

"உள்ளே வந்து பாருங்க."
"உள்ளே எனக்கு அதிகாரம் இல்லை."
"கண்ணு இருக்கில்ல?"

மாடியில்
பதினைந்தாம் எண்ணை ஒட்டிய சுவர்
வயிறு தள்ளி நின்றது.
ஒன்பது வருஷமாகப் பூட்டிய வீடு அது.
கூரை எப்போதோ உள்ளே இறங்கிவிட்டது.
அந்த வீட்டு உத்திரமும் இந்த வீட்டு உத்திரமும்
ஒரே பொந்தில் தலை முட்டிக் கிடப்பவை.
ஒன்று நனைந்தால் மற்றதற்கும் சளி.

"முன்ன அங்க கஸ்னர்னு ஒருத்தர்.
அவர் இருமினா என் விளக்கு ஆடும்.
இப்ப மழை அங்க பெய்யுது,
இருமறது நான்."

படிவத்தைப் புரட்டினேன்.
கதவு, ஜன்னல், கார்னிஸ், படி, புகைபோக்கி...
நடுச்சுவருக்குக் கட்டம் இல்லை.

வெளியே வந்து எதிர்ச்சாரியில் நின்று நிமிர்ந்தேன்.
மாடிகளுக்கு நடுவே கறுப்பு இரும்பு நட்சத்திரங்கள்.
அலங்காரம் என்கிறது எங்கள் கையேடு.
ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு நீளக் கம்பி
சுவரைத் துளைத்து உள்ளே போய்
மரத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு
இந்த முகம் தெருவில் விழாமல் இழுத்து வைத்திருக்கிறது.
ஆயிரம் தடவை இந்தத் தெருவில் நடந்திருக்கிறேன்,
கையேட்டை நம்பியபடி.

பதினைந்தாம் எண்ணில் மூன்று நட்சத்திரங்கள்.
நடுவில் இருப்பது
சுவரைவிட்டு ஒரு விரற்கடை விலகியிருந்தது.

நட்சத்திரம் தெருவிலிருந்து தெரிகிறது.
சட்டத்துக்கு அவ்வளவு போதும்.
கார்னிஸ் கட்டத்தின் ஓரத்தில் நுணுக்கி எழுதினேன்:
எண் பதினைந்து. முகப்பு பெயர்கிறது.
உரிமையாளருக்கு இன்றே அறிவிப்பு.
பேனா குளிரில் இரண்டு முறை நின்றது.

படியிலிருந்து ஒடெஸா கூப்பிட்டுக் கேட்டார்:
"அப்ப என் ஜன்னல்?"

"இன்னும் பார்க்கவில்லை" என்றேன்,
அதையே பார்த்துக்கொண்டு.