சோதனை ஒலி

ஐந்து ரோட்டுக் கடையில் மூன்று கறுப்புப் பெட்டிகள்.
கேள்வி கேட்டவள் நான்.
ரியாஸ் மாதேஸ்வரனைப் பார்த்தே பதில் சொன்னான்,
என் பெயருக்கு வந்த கடிதத்தைத்
தபால்காரர் பக்கத்து வீட்டில் கொடுப்பது மாதிரி.

"நூற்றைம்பது வாட், சார்."
ஐந்து வாயும் ஒரே நேரத்தில் பேசினால் எவ்வளவு, என்றேன்.
சேகோ ஆலையில் பதினோரு வருடமாகக் கணக்கு எழுதுகிறேன்.
லாரியில் வரும் கிழங்கு எல்லாமே
இருபத்தெட்டுப் புள்ளி என்று சொல்லிக்கொண்டுதான் வரும்.
தண்ணீரில் அமிழ்த்தி நிறுத்தால் இருபத்துநாலு.

அவன் தாளைத் திருப்பிப் பொடி எழுத்தைத் தேடினான்.
பிறகு முதல்முறையாக என்னைப் பார்த்தான்.
"அந்தக் கணக்கு ரெண்டு வாய்க்குத்தான் மேடம்.
அஞ்சும் பேசினா அறுபது வரும்."

முதல் பெட்டிக்கு ஒன்பது வாய்.
எங்கள் கூடமோ பத்துக்குப் பதினாலு.
ஒன்பது பேர் பேசினால் நாங்கள் எங்கே உட்காருவது?
இரண்டாவது தொட்டதும் சுட்டது;
அது ஓடத் தொடங்கி இருபது நிமிடம்தான் ஆகியிருந்தது.
மூன்றாவதை இரண்டு கையாலும் தூக்கினேன்.
ரியாஸ் பதறினான்.
உள்ளே டிரான்ஸ்பார்மர் இருக்கிறது என்று
முழங்கை சொன்னது.

"ஏழு நாளில் மாற்றிக்கொள்ளலாம்.
அட்டைப்பெட்டி மட்டும் கிழியக் கூடாது."

அம்மாப்பேட்டையில் எங்களுக்குக் கீழே பன்னிரண்டு தறி.
டம்ளர்களை ஒன்றையொன்று தொடாமல்
அடுக்கப் பழகியிருக்கிறோம்.

பெட்டிக்குள் சுண்டுவிரல் உயரத்தில் ஒரு மைக்.
உங்கள் காது இருக்கும் இடத்தில் வைக்கவும், என்றது திரை.
எந்தக் காது? அவர் என்னைவிட நாலு அங்குலம் உயரம்.
தவணை கட்டுகிற காது என்று சொல்லி
என் இடத்தில் வைத்தேன்.

அறையில் சத்தம் அதிகம். மீண்டும் முயற்சிக்கவும்.

இரவு பதினொன்றுக்கு முயன்றோம். கீழே இரவு ஷிப்ட்.
விடிகாலை நாலுக்கும் அதே வரி.
செவ்வாய்க்கிழமை பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தினார்கள்.
தெருவே பஞ்சு வைத்து அடைத்த மாதிரி இருந்தது.
ரிசீவரும் செத்துக் கிடந்தது.
மாதேஸ்வரன் இருமும்வரை சிரித்தார்.

ஆறாம் நாள் அமாவாசை. தறிக்கு லீவு.
எங்கள் மின்விசிறி கிறீச்சிடும் என்பதே
அன்றுதான் தெரிந்தது; அதையும் நிறுத்தினோம்.
சமையலறையில் நின்று மூச்சைச் சுருக்கிக்கொண்டோம்.
ஒவ்வொரு பெட்டியாக ஆஜர் சொன்னது.
டுப். டுப். ஊய்ங்.
பின் இடது மூலையின் முறை வந்தபோது
கீழே குழந்தை வீறிட்டது.

அறையில் சத்தம் அதிகம்.

சௌடேஸ்வரி அவனைத் தோளில் போட்டபடி படியேறி வந்தாள்.
"தறி நின்னா தூங்கமாட்டான்க்கா.
பொறந்ததுல இருந்து
அமாவாசைக்கு அமாவாசை இதே கூத்து."

கையேட்டில் நாற்பத்தோராம் பக்கம்: சோதனை ஒலி.
அமுக்கினேன்.
முன் இடதில் ஒரு உஷ்ஷ்.
அடங்கி, நடுவில் ஒரு உஷ்ஷ்.
அடங்கி, வலதில்.
ஈர ஜவ்வரிசியைச் சல்லடையில் ஆட்டுகிற சத்தம்,
ஆலைக்குள் நுழைந்தால் நான் கேட்பதை நிறுத்திவிடுகிற சத்தம்,
மூலை மூலையாக அறையைச் சுற்றி வந்தது.
குழந்தையும் கழுத்தைத் திருப்பித் திருப்பித் தேடினான்.
மூன்றாம் சுற்றில் தேடவில்லை.

ரியாஸ் போன் செய்தான்.
நாளை கடைசி நாளாம். பிடித்திருக்கிறதா?
"மெதுவாப் பேசுங்க."
"படம் போட்டுப் பாத்தீங்களா மேடம்?"
"இன்னும் இல்ல."
"பின்ன எப்படி முடிவு பண்ணுவீங்க?"

வெறும் தரை சில்லென்று இருக்கும் என்று
மாதேஸ்வரன் குனிந்து
அட்டைப்பெட்டியின் நாலு மூலையையும்
காய்கறிக் கத்தியால், சத்தமே வராமல்,
அறுத்து விரித்துக்கொண்டிருந்தார்.