சத்தமில்லாத முப்பது விநாடி

இரவு பதினொன்றரைக்கு மேல்
கேமராக்கள் என்னிடம் வந்து சேரும்.
ஆறு.
ஒன்றுக்குக் கிளிப் உடைந்து ரப்பர் பேண்டு போட்டிருக்கிறது.
வியர்வை நாற்றத்தைத் துடைத்துச் சார்ஜரில் செருகுவேன்.
தங்கள் பகலைக் கம்ப்யூட்டருக்குள் கக்கத் தொடங்கும்.

சுவரில் சர்க்குலர். நான் ஒட்டியதுதான்.
யாரையும் நிறுத்துமுன் பொத்தானை அழுத்தவும்.
பதிவாகிறது என்று அவரிடம் சொல்லவும்.
இடையில் அணைத்தால்
காரணத்தை வாயால் சொல்லிவிட்டு அணைக்கவும்.
ஜீப் கேமராவின் முன் டிபன் பாக்ஸ் வைக்கக் கூடாது.
கடைசி வரி எங்கள் இன்ஸ்பெக்டர் பேனாவில் சேர்த்தது.
வைத்திருந்தார்கள்.

சர்க்குலரில் இல்லாதது ஒன்று உண்டு.
பொத்தானை அழுத்தும்வரை கேமரா தூங்குவதில்லை.
கடைசி முப்பது விநாடியை
வெற்றிலைபோல் கொடுப்பில் அடக்கி வைத்திருக்கும்,
அழுத்தியதும் அதையும் சேர்த்துத் துப்பும்.
படம் மட்டும். சத்தம் இராது.
பயிற்சியில் சொன்னார்கள்.
பிரியாணிக்குப் பிறகு சொன்னதால்
பாதிப் பேர் காதில் ஏறவில்லை.

இன்று நஞ்சுண்டன் கேமரா.
மாலை நாலு ஐம்பத்திரண்டு, சூளகிரி ரோடு,
ராயக்கோட்டை மார்க்கெட்டுக்குத் தக்காளி ஏற்றிய டெம்போ.
"வணக்கங்க. இது பதிவாகுது. லைசென்ஸ எடுங்க."
மனப்பாடப் பகுதி ஒப்பிப்பதுபோல் அத்தனை சுத்தம்.
டிரைவர் பெயர் திம்மராயன்.
ஒரு கையால் லைசென்ஸை நீட்டுகிறான்.
மறு கை கன்னத்தில் இருக்கிறது.
பல்வலி என்று நினைக்கப் பார்த்தேன்.

பின்னுக்கு இழுத்தேன்.

டெம்போ நிற்கிறது. கதவு திறக்கிறது.
திம்மராயன் வாய் அசைகிறது,
தமிழா தெலுங்கா தெரியவில்லை.
திரையின் ஓரத்திலிருந்து ஒரு காக்கிக் கை
போய்த் திரும்புகிறது.
அவன் முதுகு பட்டு ஒரு பெட்டி சரிகிறது.
தார் ரோட்டில் தக்காளிகள்
பஞ்சில் உருள்வதுபோல் உருள்கின்றன.

அந்தக் கையில் வாட்ச்.
துபாயிலிருந்து மச்சான் கொண்டுவந்தது.
அன்று ஸ்டேஷனுக்கே பேரீச்சம்பழம் கொடுத்தார்.
எனக்கு இரண்டு.

போன ஆடியில் கெலமங்கலம் பக்கம் ஒரு வீடு.
கேமரா அன்று என் நெஞ்சில்.
முதுகைக் காட்ட ஊக்கில் கைவைத்தவள்
சிவப்பு விளக்கைப் பார்த்து நின்றுவிட்டாள்.
"அந்தக் கண்ண மூடும்மா."
"அவர் கேட்டதால் அணைக்கிறேன்"
என்று சொல்லி அணைத்தேன். விதிப்படிதான்.
பிறகு அவள் காட்டியதும் சொன்னதும்
என் ஒருத்தியிடம் மட்டுமே இருக்கிறது.
கோர்ட்டில் அவள் புருஷனுடைய வக்கீல் கேட்டார்,
அந்தப் பதினாலு நிமிஷம் எங்கேம்மா?
அவரும் அதே விதிப்புத்தகத்தைத்தான்
கையில் பிடித்திருந்தார்.

நஞ்சுண்டன் எதையும் அணைக்கவில்லை.
தாமதித்தார், அவ்வளவுதான்.
அரை நிமிஷத்துக்கும் குறைவு.

திரை கேட்கிறது:
சான்று. சான்று அல்ல.
இரண்டாவதைத் தொட்டால் முப்பதாம் நாள் தானாக அழியும்,
யாரும் கைவைக்க வேண்டியதில்லை.
அவருடைய மகளுக்குப் பிளஸ் டூ.
திம்மராயனுக்கு யார் இருக்கிறார்கள் என்று
படத்தில் இல்லை.
கீழே பொடி எழுத்தில்
பார்த்தவர்: என் நம்பர். மூன்று முறை.
என்னையும் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறது.

முதலாவதைத் தொட்டேன்.
உறுதியா? என்றது.
மின்விசிறி ஒரு சுற்றுச் சுற்றும் நேரம்
எடுத்துக்கொண்டேன்.

காலையில் டீயோடு வந்தார்,
எனக்கும் சேர்த்து வாங்கி.
"ரைட்டரம்மா, சார்ஜ் ஏறிடுச்சா?"
"ஏறிடுச்சுண்ணே."
வாட்ச் கட்டிய கையால் வாங்கி
நெஞ்சில் மாட்டிக்கொண்டார்.
ரப்பர் பேண்டைச் சரிசெய்துவிட்டேன்.
"முன்னாடியே போட்ருங்க" என்றேன்.
டீயை ஊதிக்கொண்டே கேட்டார்:
"எதுக்கு முன்னாடி?"