தலை தட்டாத கோப்பை

லூப்லியானாவில் மூன்று நாளாய் மூடுபனி.
ஆற்றங்கரைப் பதிப்பகத்தின் பின்கட்டு அடுப்படியில்
நானும் ஒரு தராசும்.
வெர்மான்ட்காரி ஒருத்தியின் சமையல் புத்தகம்
ஸ்லோவீனியத்துக்கு வந்துவிட்டது.
அளவுகள் மட்டும் இன்னும் எல்லை தாண்டவில்லை.
"எல்லாவற்றையும் கிராமில் போடு, ப்ரெடா" என்றார் இக்னாட்ஸ்,
"ஒரே பக்க அட்டவணை. வெள்ளிக்கிழமைக்குள்."

தேன் சொன்ன பேச்சு கேட்டது:
கோப்பைக்கு முந்நூற்று நாற்பது.
அதே கோப்பையில் கோகோ எண்பத்தைந்து,
பஞ்சுப் பொதி ஏற்றிய வண்டி மாதிரி.
தண்ணீருக்குப் பொய் சொல்லத் தெரியாது.

மாவுதான்.

பையிலிருந்து அப்படியே அள்ளினேன்: 148.
கரண்டியால் தூவி, கத்திமுதுகால் தலை தட்டினேன்: 121.
சலித்துப் போட்டேன்: 109.
வங்கிக்காரனோடு போனில் பேசிக்கொண்டே அள்ளியது
156.
ஒரே பை. ஒரே கை.

பனியில் மாவுக்குக் கனம் கூடுகிறது என்றேன்.
"அளக்காதே" என்றார் இக்னாட்ஸ்.
அதற்குத்தானே சம்பளம் தருகிறீர்கள் என்றேன்.

அறுபத்து நாலாம் பக்கத்து ஆப்பிள் கேக்,
மூன்று கோப்பை மாவு.
தலை தட்டிப் போட்டதில் நடுவில் குளம் வெட்டியது.
அள்ளிப் போட்டதைக்
கதவுக்கு முட்டுக் கொடுக்கலாம்.

எழுதியவளுக்கே எழுதினேன்:
வினிஃப்ரெட் அம்மையாரே, நீங்கள் தூவுவீர்களா, அள்ளுவீர்களா?

பதினோரு நாள் கழித்துக் கணவர் பதில் போட்டார்.
அக்டோபரில் இறந்துவிட்டாளாம்.
"நாற்பது வருஷம் அந்தக் கேக்கைத் தின்றிருக்கிறேன்.
அவள் மாவு அள்ளுவதை ஒரு நாளும் பார்த்ததில்லை.
கோப்பையை அனுப்புகிறேன்.
இப்படிக்கு, க்ளைட் ஆஸ்ட்ராண்டர்."

வந்தது.
நீலப் பீங்கான், காது பெரிது,
உள்ளே கசக்கித் திணித்த விளம்பரத் தாள்.
விளிம்பில் கட்டைவிரல் நகம் அளவுக்கு
ஒரு சில்லு பெயர்ந்திருந்தது.

தண்ணீர் ஊற்றினேன்.
சில்லு வரை வந்து வழியத் தொடங்கியது: 212.
ஊரறிந்த கோப்பைக்கு 237.
பெயர்ந்த விளிம்பில் கத்தி ஓடாது;
ஆக, அவள் தலை தட்டியிருக்க முடியாது.
அள்ளியிருக்கிறாள், சில்லு வரை,
மேலே வந்ததை ஒரு குலுக்கில் பைக்கே திருப்பியிருக்கிறாள்.
நானும் அப்படியே செய்தேன்: 132.

கேக் எழுந்தது.
ப்ரூஃப் பார்க்கும் பையன்கள் இருவரும்
தட்டில் துணுக்கு மிச்சம் வைக்கவில்லை.

இரவு, பாத்திரம் கழுவும்போது
ஒரு சந்தேகம் வந்து நின்றது.
சில்லு எப்போது பெயர்ந்தது?
புத்தகம் 91-இல் வந்தது. அதற்குப் பிறகென்றால்
நான் செய்த கணக்கெல்லாம் குப்பை.

ஈரக் கையோடு க்ளைட்டுக்குத் தட்டினேன்.
இம்முறை ஒரு மணி நேரத்தில் பதில்:

"அது மட்டும் எனக்கு நன்றாகத் தெரியும்.
88, மார்ச், ஞாயிற்றுக்கிழமை. கீழே போட்டது நான்.
இரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை.
புதிதாய் ஒன்று வாங்கி வந்தேன். அதில் பென்சில் வைத்துக்கொண்டாள்."

வெள்ளிக்கிழமை, அட்டவணை.
மாவு, ஒரு கோப்பை: 132 கிராம்.
"நூற்று முப்பது என்றே போடேன்,
வாசிக்கிறவர்களுக்குச் சுலபம்,
இரண்டு கிராமில் என்ன வந்துவிடும்?" என்றார் இக்னாட்ஸ்,
சிவப்புப் பேனாவைத் திறந்தபடி.

பேனாவை வாங்கி
மூடி வைத்தேன்.