ஜுபைல், வெள்ளிக்கிழமை தேர்வு

நாற்பது மீட்டர், ஐந்து புள்ளி இரண்டு நொடி.
அன்சில்தான் முதல்.
செல்போனை எல்லாருக்கும் காட்டினேன்.
டயோனிஸ் ஆறரை.
அவன் பெயரை அடிக்கப் பேனாவைத் திறந்துவிட்டேன்.

பிறகு பந்து.
அன்சில் பறக்கிறான்.
பந்து அவனுக்குப் பின்னால்
தண்ணீர் டேங்கர் பக்கம் விழுகிறது,
இரண்டு முறை.
டயோனிஸ் கிட்டத்தட்ட நடக்கிறான்.
அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை.
பந்து இறங்கும் மணலில்
ஏற்கனவே நிற்கிறான்,
கம்பெனி பஸ்ஸுக்கு நிற்பவன் மாதிரி.

சைட்டில் என்ன வேலை என்றேன்.
ரிக்கராம்.
கிரேனில் தொங்கும் குழாய்
காற்றுக்கு எந்தப் பக்கம் திரும்பும்,
அதைப் பார்ப்பது.
"அங்க ஓடினா ஃபைன் போடுவாங்கண்ணே."

ஒரே இடம்தான் பாக்கி.
அன்சில் இன்னும் மூச்சு வாங்குகிறான்,
என்னைப் பார்த்தபடி.
பேனா மூடி என் பல்லிடுக்கில்.