வெற்றுக் கட்டம்

தஞ்சாவூர்ப் பக்கத்து நாற்பது லட்சம் வரிசைகளில்
பாடம் படித்து வந்த மாதிரி இது.
பாளை மார்க்கெட்டுக்குப் பின்தெருவில்
மின்விசிறி முனகும் அறையில்
இறக்கி வைத்தேன்.

குறுவை தெரியும் அதற்கு. சம்பா தெரியும்.
கார் என்றால் வண்டியா என்று முழிக்கிறது.
பிசானம் என்ற சொல்லை
எழுத்துப் பிழை என்று ஒதுக்கிவிட்டது.

கீழடுக்குகளை உறையவிட்டேன்.
மழைக்குப் பின் ஈரம், ஈரத்துக்குப் பின் பூச்சி,
அதெல்லாம் எந்த ஆற்றுக்கும் பொது.
மேலிரண்டு அடுக்குகளை மட்டும்
தாமிரபரணியில் முக்கி எடுத்தேன்.
கன்னடியன் கால், கோடகன் கால், பாளையங்கால்,
வாய்க்கால் ஒவ்வொன்றும் முப்பத்திரண்டு எண்களாகி
உள்ளே போயின.
முந்நூறு சுற்று.
விடியும்போது ஊர்க்காரன்போல் ஒரு பாவனை
வந்திருந்தது அதற்கு.

"இதுக்கா ராத்திரி பூரா கரண்ட எரிச்சீங்க?"
என்றாள் ஜெபக்கனி.
அவள் வளர்த்த தீர்மான மரங்கள்
பழைய மடிக்கணினியில், நாலே நிமிடத்தில்,
என் ஆழத்தை அரை சதவீதம் முந்தின.
"அட்டவணைன்னா மரந்தாம், பாத்துக்கிடுங்க."
நான் டீ குடிக்கப் போனேன்.

ஆனால் ஓர் இடத்தில்
மரமும் விழுந்தது, ஆழமும் விழுந்தது.
சேரன்மகாதேவி. டிசம்பர். இரண்டு நாள்
நீர்மட்டம் பதிவாகவில்லை.
வெற்றுக் கட்டங்களில் வழக்கம்போல்
சராசரியை இட்டு நிரப்பியிருந்தேன்:
ஏழடி.

அளவு எழுதும் பரமகல்யாணிக்குப் போன் போட்டேன்.
"அந்த ரெண்டு நாளு ஏம்மா எழுதல?"
"அளவுகம்பே தண்ணிக்குள்ள போயிட்டு சார்.
எதப் பாத்து எழுதச் சொல்லுதீய?"

ஏழடி.
கம்பை விழுங்கிய ஆற்றுக்கு
நான் போட்ட கணக்கு.
அந்த ஏழடியை நம்பி
இழப்பீடு இல்லை என்று
எத்தனை வயலுக்குச் சொல்லியிருக்கும் இது?

சராசரியை அழித்தேன்.
புதிதாக ஒரு பத்தி சேர்த்தேன்:
எழுதப்படவில்லை. ஆம் என்றால் ஒன்று.
அன்றிரவே இரண்டும் தேறின.
இல்லாமையைப் படிக்கக் கற்றுக்கொடுத்துவிட்டதாக
ஜெபக்கனியிடம் கொஞ்சம் பெருமையடித்தேன்.

மே மாதம், கத்திரி வெயில்.
ஆற்றில் பாறைகள் முதுகு காட்டிக் கிடக்க,
மாதிரி சிவப்பு விளக்கைப் போட்டு அலறியது:
சேரன்மகாதேவி மூழ்கப்போகிறது.

போன் போட்டேன்.
பின்னணியில் ஒலிபெருக்கி, பந்திக் கூச்சல்.
"மக சடங்கு சார். ரெண்டு நாளு லீவு.
நீங்களும் வந்திருக்கலாம்லா?"

இன்னொரு பத்தி
சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.