தடயம் எண் ஏழு

ரத்தம் செய்வது சுலபம்.
அரை லிட்டர் சர்க்கரைப் பாகு, சிவப்புக் கேசரிப் பொடி,
கொஞ்சம் மைதா, கருப்பேற ஒரு சொட்டு மை.
நானே கிளறி, நானே தரையில் ஊற்றி,
அதன் பக்கத்தில் நானே படுத்துக்கொண்டேன்.

பொம்மை வாங்க இந்த வருஷம் நிதி வரவில்லையாம்.
"மூச்சை மெதுவா விடுங்க செங்கமலம்,
கண்ணைத் திறக்காதீங்க" என்றார் கிரேஸ்லின் மேடம்.
பெருக்கித் துடைக்க எடுத்த ஒப்பந்தத்தில்
சாவது பற்றி ஒன்றும் இல்லை.
ஆனாலும் காலை பத்தரை மணிக்கு
வேறு யார் என்னைப் படுக்க விடுவார்கள்?

மேடத்தின் கதையில்
நான் ஏற்காட்டில் விடுதி நடத்தும் பணக்காரி.
சொத்துத் தகராறு. மருமகன் மேல் சந்தேகம்.
டம்ளரில் அவன் ரேகை, ஜன்னலடியில் அவன் பூட்ஸ் தடம்,
என் கொசுவத்தில் அவன் ஸ்வெட்டர் நூல்,
எல்லாம் நேற்றே வைத்தாகிவிட்டது.

முதலில் வந்தவை எறும்புகள்.
இது ரத்தமில்லை என்று அவற்றுக்குத்தான்
முதலில் தெரிந்தது.
ஒன்று என் காதுக்குள் எட்டிப் பார்த்தது.
பிணம் சொறியக் கூடாது.

பிறகு மஞ்சள் நாடாவைத் தூக்கிக் குனிந்து
நான்கு பேர்.
என்னைச் சுற்றிச் சாக்பீஸ் கோடு இழுத்த நவநீதன்
இடுப்பருகே வந்ததும் கூச்சப்பட்டு
ஒரு சாண் தள்ளி வரைந்தான்.
"சாரிக்கா" என்றான், பிணத்திடம்.

செருப்படியைச் சுரண்டினார்கள்.
"வெள்ளை மண். மலையில் செம்மண்தானே இருக்கணும்?"
கருப்பூரில் வெள்ளைக்கல் குழிக்குப் பின்னால் என் வீடு.
சொல்லவில்லை.

ஃபர்ஹானா என் விரலைப் பிடித்தாள்.
நகத்தடியில் குச்சி விட்டுக்
காகிதத்தில் தட்டினாள்.
"மேடம், ஏதோ மின்னுது."
"அது என் லிஸ்ட்லயே இல்லையே."
லென்ஸ் கை மாறியது.
"வெள்ளி."

வெள்ளிதான்.
செவ்வாய்ப்பேட்டையில் ராத்திரி பத்து வரை
கொலுசை அமிலத்தில் முக்கிப்
பூந்திக்கொட்டைத் தண்ணீரில்
பித்தளைப் பிரஷ் போட்டுத் தேய்க்கிறேன்.
பகல் வேலைக்கு அது தெரியாது.

அடுத்து மைப் பெட்டி.
இறந்தவர் ரேகையை முதலில் கழிக்க வேண்டுமாம்.
இளமாறன் பத்து விரலையும் உருட்டினான்.
"அழுத்தி வைங்கக்கா."
பிணம் ஒத்துழைத்தது.
அட்டையில் பத்துக் கருப்பு வட்டங்கள்,
வழுவழுவென்று, கோலிக்குண்டு நிழல் மாதிரி.
"மேடம், இவங்களுக்கு ரேகையே இல்ல."

மின்விசிறி மட்டும் சுற்றியது.
ரேஷன் கடை மிஷின் நாலு மாதமாய்
இதைத்தான் சொல்கிறது.
மிஷின்தான் பழுது என்று
நான் அதனோடு சண்டை போட்டிருந்தேன்.

"இவங்க முதலாளி இல்ல மேடம்,
ராத்திரியில கை வேலை செய்றவங்க"
என்று தொடங்கினாள் ஃபர்ஹானா.
"கதையை விட்டு வெளிய போகாதீங்க.
இன்னும் பதினஞ்சு நிமிஷம்தான்."

மருமகன் மாட்டிக்கொண்டான்.
டம்ளரில் இருந்தது அவன் கட்டைவிரல்.
எல்லோருக்கும் இருபதுக்குப் பதினெட்டு,
ஃபர்ஹானாவுக்குப் பதினாறு.

எழுந்தேன். முதுகில் பாகு ஒட்டி
ரவிக்கை பிய்ந்துகொண்டு வந்தது.
வாளியும் மாப்பும் எடுத்து வந்து
என்னை நானே துடைக்கத் தொடங்கினேன்.
தலை போயிற்று, தோள் போயிற்று.
நவநீதன் தள்ளி வரைந்த இடுப்பு
நான் இருந்ததை விட அகலம்.
இரண்டு தடவை அலச வேண்டியிருந்தது.

பட்டறையில் தரைத் தூசியைக்கூட
நிறுத்துத்தான் விற்பார் முதலாளி.
வீட்டுக்குப் போகுமுன் கையை உதறச் சொல்வார்.
அவர் கணக்கில் வராத ஒரு துளி
இப்போது காகித உறைக்குள்,
அரக்கு வைத்து, நான்கு பேர் கையெழுத்தோடு,
'தடயம் எண் ஏழு, யாருடையதெனத் தெரியவில்லை' என்று
ஆய்வக அலமாரியில் இருக்கிறது.

அலமாரிச் சாவி
என் இடுப்பில்.